பெரிய ஜிஸ்ட் கட்டி: அறுவைக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவர்களில் வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டி. இரைப்பையிலோ சிறுகுடலிலோ அது 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும், நாளைக்கே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் துடிப்பது இயல்பே. ஆனால் இரத்தக்கசிவோ குடல் அடைப்போ இல்லாதவரை, அந்த அவசரம் பெரும்பாலும் தேவைப்படாது.

முதலில் சி.டி. ஸ்கேனில், கட்டி எந்த உறுப்பில் தொடங்கியது, கல்லீரலுக்கோ வயிற்று உட்சவ்வுக்கோ பரவியுள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டியோடு முழு இரைப்பையையோ கணையத்தின் தலைப்பகுதியையோ சேர்த்து எடுக்க நேருமெனில், எண்டோஸ்கோப் வழியே பயாப்ஸி எடுத்து, மரபணு மாற்றத்தைச் சோதித்து, இக்கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 6 முதல் 12 மாதங்கள் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை செய்வதே நல்லது. பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி மாற்றம் இருந்தால் இம்மருந்து பலிக்காது என்பதால், சோதனையைத் தவிர்க்கக் கூடாது. மாத்திரை தொடங்கிய பின் எடுக்கும் முதல் ஸ்கேனில் கட்டியின் அளவு குறையாவிட்டாலும், அதன் அடர்த்தி குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே பொருள்.

அறுவையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டியின் மேலுறை கிழியாமல் இருப்பதுதான். பெரிய கட்டிகள் உள்ளே இரத்தம் கட்டி, அழுகிய பழம்போல் கொழகொழவென்று இருக்கும். இடுக்கியால் பிடித்தாலே உடைந்து, புற்று உயிரணுக்கள் வயிறெங்கும் சிந்திவிடலாம். ஆகவே துளைவழி அறுவையை (லேப்ராஸ்கோபி) வற்புறுத்தாமல், வயிற்றைத் திறந்து கையால் ஏந்தி எடுப்பதே பாதுகாப்பு. பெரியவர்களுக்கு வரும் ஜிஸ்ட் நிணநீர் முடிச்சுகளுக்கு அரிதாகவே பரவுவதால், அவற்றைப் பொதுவாக அகற்ற வேண்டியதில்லை.

பின்னாளில் நோய் திரும்புமா என்பதை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில், இரண்டாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்கள் 5க்கு மேல் இல்லையெனில், 10 சென்டிமீட்டரைத் தாண்டிய இரைப்பைக் கட்டி முற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 12 சதவீதம். அதே அளவு சிறுகுடல் கட்டிக்கு அது சுமார் 52 சதவீதம். எண்ணிக்கை 5ஐத் தாண்டினால் இரைப்பையில் 86, சிறுகுடலில் 90. இவை இமாட்டினிப் வருவதற்கு முந்தைய நோயாளிகளிடம் கண்ட கணக்கு. அறுவைக்கு முன்பே மாத்திரை சாப்பிட்டவருக்குப் பிரியும் உயிரணுக்களின் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். அவருக்குப் பழைய பயாப்ஸி அறிக்கையே ஆதாரம் என்பதால், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அபாயம் அதிகமுள்ளவர்கள் அறுவைக்குப் பின் 3 ஆண்டுகள் இமாட்டினிப் எடுக்க வேண்டும். 2012இல் வெளியான ஸ்காண்டிநேவிய–ஜெர்மன் ஆய்வில், 3 ஆண்டுகள் எடுத்தவர்களில் 92 சதவீதத்தினரும் ஓராண்டு எடுத்தவர்களில் சுமார் 82 சதவீதத்தினரும் ஐந்தாண்டுகள் கடந்து உயிரோடிருந்தனர். மாத்திரையை நிறுத்திய பிந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் நோய் அதிகம் தலைகாட்டுகிறது; அப்போது 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கத் தவறக் கூடாது.