தேசிய விமானத்துக்கு வெளிநாட்டுக் கடன்: செய்தியைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி?

நட்டத்தில் ஓடும் தேசிய விமான நிறுவனத்துக்கு வெளிநாட்டு அரசின் கடனில் புது விமானங்கள் வாங்கப்போவதாக ஊரிலிருந்து செய்தி வரும். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் முதலில் தேடுவது வட்டி விகிதத்தை. அதைக் கடைசியில் பாருங்கள். வட்டி குறைவாக இருந்தாலும் முன்பணமும் நாணய மதிப்பும் இந்தக் கடன்களை முறித்துவிடலாம்.

முதலில், கொடுப்பது யார்? போயிங், ஏர்பஸ் விமானங்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு அரசு நேராகப் பணம் தருவதில்லை. விமானம் தயாராகும் நாட்டின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு, வணிக வங்கி தரும் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும். ஏர் இந்தியாவின் ட்ரீம்லைனர்களுக்கு அமெரிக்காவின் எக்ஸிம் வங்கி கைகொடுத்தது இப்படித்தான். நிறுவனம் நலிந்திருந்தால், வாங்கும் நாட்டின் நிதியமைச்சும் பிணைக் கையெழுத்துப் போட வேண்டிவரும். தவணை தவறினால் சுமை மக்களின் வரிப்பணத்தில் விழும். செய்தியில் பிணை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அந்த நாட்டு வரவுசெலவுத் திட்ட ஆவணங்களில் அரசு உத்தரவாதங்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள்.

இடைத்தரகர் இருக்கிறாரா என்பதையும் விடாதீர்கள். தரகர்கள் பற்றிய விவரங்கள் சரியாகத் தரப்படாததால் 2016இல் ஏர்பஸ் விற்பனைகளுக்கான ஐரோப்பிய அரசுகளின் ஏற்றுமதிக் கடன் ஆதரவு சில காலம் நின்றுபோனது. 2020இல் லஞ்சப் புகார் வழக்குகளைத் தீர்க்க அந்நிறுவனம் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3.6 பில்லியன் யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. பிரிட்டன் வழக்கில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொள்முதலும் இடம்பெற்றது.

இனி கணக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் கட்டுபவருக்கு இது பழகியதுதான். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் 2011ஆம் ஆண்டு விமானக் கடன் விதிப்படி, நிகர விலையில் 85 விழுக்காடு வரை ஆதரவு கிடைக்கும். மிக வலுவான நிறுவனங்களுக்கு 80தான். தவணைக் காலம் வழக்கமாக 12 ஆண்டு. நிகர விலை என்பது தள்ளுபடி போன பிறகு உள்ளது. செய்தியில் வரும் பட்டியல் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

100 மில்லியன் டாலர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். கடன் 85 மில்லியன். மூன்று மாதத்துக்கு ஒரு தவணை வீதம் 48 தவணை. அசல் மட்டும் 1.77 மில்லியன். வட்டி 5 விழுக்காடு என்றால் முதல் தவணையில் 1.06 மில்லியன் சேர்ந்து 2.83 மில்லியன் ஆகும். உத்தரவாதக் கட்டணம் இதற்கு மேல்.

மீதி 15 மில்லியன் எங்கிருந்து வரும்? உற்பத்தியாளர் விமானம் தயாராகும் முன்பே கட்டம் கட்டமாக முன்பணம் கேட்பார். கையில் காசில்லாத நிறுவனம் அதை உள்ளூர் அரசு வங்கியில் அதிக வட்டிக்குப் புரட்டும். கடன் மலிவு என்ற பேச்சு அங்கேயே பொய்த்துப்போகும். செய்தியில் இதற்குப் பதில் இல்லையென்றால் திட்டம் பாதிதான்.

அடுத்து நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. மேலே சொன்ன அதே தவணை 566 மில்லியன் ரூபாயிலிருந்து 1,019 மில்லியனாக ஏறியிருக்கும். டாலரில் ஒரு காசுகூடக் கூடவில்லை. ஆகவே நிறுவனத்தின் வருமானத்தில் எத்தனை பங்கு வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது என்று ஆண்டறிக்கையில் பாருங்கள்.

கட்டத் தவறினால்? கடன் எடுக்கும்போதே, விமானத்தின் பதிவை நீக்கி வெளியே எடுத்துப்போக அனுமதிக்கும் ஐடெரா என்ற பத்திரம், கேப் டவுன் உடன்படிக்கை என்ற அனைத்துலக ஒப்பந்தத்தை ஏற்று நடைமுறைப்படுத்தும் நாடுகளில் எழுதி வாங்கப்படும். இது குத்தகை விமானத்துக்கும் பொருந்தும். ஆனால் பறிப்பதற்கு இந்தப் பத்திரம் ஒன்றுதான் வழி என்றில்லை: 2021 ஜனவரியில், குத்தகைத் தகராற்றில், பாகிஸ்தானின் போயிங் 777 ஒன்று நீதிமன்ற ஆணையால் கோலாலம்பூரில் பிடித்துவைக்கப்பட்டது.

பிடித்த விமானம் விலைபோக வேண்டுமே! இன்ஜினுக்குள் சுழலும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முதல் நாளிலிருந்து எத்தனை தடவை பறந்தது என்ற பதிவுத்தாள் தேவை. பணமுடையில் இருக்கும் நிறுவனம் நின்றுபோன விமானத்திலிருந்து பாகங்களைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும்; தாள்கள் பின்தங்கிவிடும். தாள் இல்லாத டிஸ்க்கை வாங்க ஆளில்லை.

சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும்போது முன் கதவுச் சட்டத்தைக் கவனியுங்கள். உரிமையாளர் பெயரும் குத்தகைதாரர் பெயரும் பொறித்த சிறு உலோகத் தகடு அங்கே பலவற்றில் இருக்கும். வாலில் தேசிய சின்னம் இருந்தாலும் தகட்டில் வேறு பெயர் இருக்கலாம். விமானத்தின் தயாரிப்பு வரிசை எண் தெரிந்தால், சிறு கட்டணம் கட்டி கேப் டவுன் உடன்படிக்கையின் அனைத்துலகப் பதிவேட்டு இணையத்தளத்தில், அந்த விமானத்தின் மேல் கடன் அல்லது குத்தகை உரிமையை யார் பதிந்திருக்கிறார் என்று தேடலாம்.