திறந்தவுடனே மூடிக்கொண்ட கணக்கு சாஃப்ட்வேர்: என் அனுபவம்

பாம்பனில் அண்ணன் நடத்தும் மீன் கம்பெனியில் ஐஸ், டீசல், படகுகளுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் ஒரு கணக்கு சாஃப்ட்வேரில்தான் இருக்கிறது. ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் நேரம் பார்த்து அது திறக்க மறுத்தது. ஐகானைத் தட்டினால் லோகோ வரும், உடனே மறையும். முந்தின நாள் வேலையின் நடுவில் கரண்ட் போயிருந்தது.

"அழிச்சிட்டு மறுபடி போடுங்க" என்றார்கள். போட்டோம், அதே கதை. அன்இன்ஸ்டால் செய்தாலும் நம் செட்டிங்ஸ் ஃபைல் பெரும்பாலும் ஆப்டேட்டா (சாஃப்ட்வேர்கள் தங்கள் செட்டிங்ஸை வைத்துக்கொள்ளும் இடம்) ஃபோல்டரிலேயே தங்கிவிடும், அதுதான் காரணம்.

சரி என்று, விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதியைப் பார்த்தேன். சிவப்புக் குறியோடு டாட்நெட் ரன்டைம் (சாஃப்ட்வேர் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் அடித்தளம்) பிழை, அதற்குள்ளேயே அந்த செட்டிங்ஸ் ஃபைலான யூசர்.கான்ஃபிக் இருக்கும் இடமும் எழுதியிருந்தது. நோட்பேடில் திறந்தால் உள்ளே வெறும் வெற்றிடம். சாஃப்ட்வேர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் இப்படி ஆகும்.

முதலில் கணக்கு டேட்டாவை பென்டிரைவில் காப்பி எடுத்தேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள், ஒரு வருஷ வரவு செலவு அதில் இருக்கிறது. அப்புறம் அந்த யூசர்.கான்ஃபிக் ஃபைலை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினேன். சாஃப்ட்வேர் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு திறந்தது. பிரின்டரை மட்டும் மறுபடி தேர்வு செய்ய வேண்டியிருந்தது.