ஃபோர்மேன் தொழிலாளியா, சூப்பர்வைசரா? இரண்டு தரப்பும் செய்யும் தவறுகள்

லீவு ஃபாரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் பக்கம் உலோகத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப், பெயர் வேண்டாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் பேச்சு. சங்கம் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் ஏழு பேர் ஃபோர்மேன்கள். "இவங்க சூப்பர்வைசர் சார், ஒர்க்மேன் கிடையாது. இவங்களுக்காகச் சங்கம் பேச முடியாது" என்றார் ஹெச்.ஆர். மேலாளர். ஆதாரமாக லீவு ஃபாரங்களைக் கட்டாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஃபோர்மேன் கையெழுத்து. சங்கத்துக்காரர்கள் முகம் தொங்கிப் போனது.

அவர்களில் வயதான ஒருவர் மட்டும் கட்டை வாங்கிப் புரட்டினார். ஃபாரத்தின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று 'பரிந்துரை', அடுத்தது 'அனுமதி'. ஃபோர்மேன் கையெழுத்து முதல் கட்டத்தில் இருந்தது. இரண்டாவதில் ஷாப் மேனேஜர். நாலைந்து ஃபாரங்களில் ஃபோர்மேன் பரிந்துரைத்திருக்க, மேனேஜர் சிவப்பு மையில் 'நோ' என்று கிறுக்கியிருந்தார். நிர்வாகம் கொண்டுவந்த காகிதமே சங்கத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

ஃபோர்மேன் மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. கீழே இருப்பவர்களுக்கு அவர் நிர்வாகத்து ஆள், மேலே இருப்பவர்களுக்கு அவர் சங்கத்து ஆள். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் இரண்டு தரப்பும் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்ப நான் பார்த்தவற்றை இங்கே சொல்கிறேன்.

மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்புவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஃபோர்மேன் சங்கத்தில் உறுப்பினராகலாமா என்பது ஒரு கேள்வி. அவரை வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா என்பது வேறு கேள்வி. சங்கம் அவருடைய சம்பளத்துக்காகப் பேசலாமா, போடுகிற ஒப்பந்தம் அவரைக் கட்டுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் கேள்விக்குச் சட்டம் தாராளமாகவே பதில் சொல்கிறது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தின்படி, சங்க விஷயத்தில் தொழிலாளி என்றால் தொழிலில் வேலை செய்யும் எல்லோரும்தான். அதற்கும் பழைய தொழிற்தகராறு சட்டத்துக்கும் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் சங்கங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் அதே விரிந்த பொருளைத்தான் வைத்திருக்கிறது. ஆக, "சூப்பர்வைசர் சங்கத்தில் சேரக் கூடாது" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற நிர்வாகம் சட்டத்தில் இல்லாததைச் சொல்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் கதவு குறுகுகிறது. தொழிலாளி யார் என்று சொல்லும் பழைய தொழிற்தகராறு சட்டத்தின் 2(எஸ்) பிரிவும் சரி, புதிய தொகுப்பும் சரி, மேற்பார்வை வேலை செய்பவர் என்பதற்காக மட்டும் யாரையும் வெளியே தள்ளவில்லை. மேற்பார்வைப் பணியிலும் இருக்க வேண்டும், சம்பளம் குறிப்பிட்ட வரம்பையும் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அவர் வெளியே. நிர்வாகப் பொறுப்பே முக்கிய வேலை என்றிருப்பவருக்கு இந்தச் சம்பளக் கணக்கு கிடையாது, அவர் எப்படியும் வெளியேதான்.

மூன்றாவதைப் பல சங்கங்கள் போராடாமலே விட்டுக்கொடுத்துவிடுகின்றன. தொழிலாளி அல்லாத ஒருவரின் வேலை நிலைமை பற்றியும் தொழிலாளர்கள் தகராறு எழுப்பலாம், ஆனால் அதில் அவர்களுக்கு நேரடியான அல்லது கணிசமான அக்கறை இருக்க வேண்டும் என்று 1958-இல் டிமாக்குச்சி தேயிலைத் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் தோட்டத்து மருத்துவருக்காகப் போன தொழிலாளர்கள் தோற்றார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஃபோர்மேன் பதவி ஆபரேட்டர்களுக்கு அடுத்த படி. நாளை அவர்களே ஏறப்போகிற படியில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது? மனுவில் பதவி உயர்வு வரிசையை வரைந்து காட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தம் எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். சமரச அதிகாரி முன்னால் போடுவதை, பழைய சட்டத்துப் பழக்கத்தில், 12(3) என்கிறோம். அது அந்த நிறுவனத்தின் தொழிலாளர் எல்லோரையும், பின்னால் வேலைக்கு வருபவர்களையும் சேர்த்துக் கட்டும். தங்களுக்குள் பேசிப் போடும் 18(1) கையெழுத்துப் போட்ட தரப்புகளோடு நின்றுவிடும். எதுவாக இருந்தாலும் 'அனைத்துத் தொழிலாளர்களுக்கும்' என்று பொதுவாக எழுதிவிட்டு வராதீர்கள். ஃபோர்மேன் கிரேடின் பெயரை அட்டவணையில் எழுதுங்கள். எழுதாத கிரேடுக்கு அடுத்த மாதமே சம்பள உயர்வு தகராறாகும்.

பட்டத்தைப் பார்த்து முடிவு கட்டுவது

டீம் லீடர், செல் லீடர், லைன் இன்சார்ஜ், ஜூனியர் எக்சிக்யூட்டிவ். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதன்மையான வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என்பதை 1985-இல் சிபா கெய்கி வழக்கு தெளிவாக்கியது. ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கில் சொன்னதும் அதே திசைதான்: பெரும்பகுதி மேற்பார்வை செய்பவர் கொஞ்சம் குமாஸ்தா வேலை செய்தாலும் அவர் மேற்பார்வையாளரே. பெரும்பகுதி குமாஸ்தா வேலை செய்பவர் கொஞ்சம் மேற்பார்த்தாலும் அவர் தொழிலாளியே.

சரி, மேற்பார்வை என்றால் என்ன? நேஷனல் இன்ஜினீயரிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு நல்ல உரைகல் ஒன்றைத் தருகிறது. நிறுவனத்தைக் கட்டுகிற முடிவை நிறுவனத்தின் சார்பில் எடுக்கக் கூடியவர்தான் மேற்பார்வையாளர். பார்த்து, மதிப்பிட்டு, மேலே ரிப்போர்ட் மட்டும் அனுப்புபவர் அல்ல. அந்தச் சிவப்பு மை 'நோ'வை இதோடு வைத்துப் பாருங்கள். எழுதுகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் இன்னொருவர்.

பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய காலத்து மில் மேஸ்திரியை நினைத்துக்கொண்டு இன்றைய ஃபோர்மேனைப் பார்க்கக் கூடாது. அந்த மேஸ்திரியே ஆள் எடுப்பார், அவர் தயவு இருந்தால்தான் வேலை. இன்றைய ஃபோர்மேனுக்கு ஆள் வருவது காண்டிராக்டரிடமிருந்து, ஷிஃப்ட் போடுவது கம்ப்யூட்டர், மெமோ போவது ஹெச்.ஆரிலிருந்து. அவர் கையில் மிஞ்சியிருப்பது விசிலும் புரொடக்‌ஷன் போர்டும்.

இயந்திரத்தை மேற்பார்ப்பதும் ஆளை மேற்பார்ப்பதும் ஒன்றல்ல. டை செட் பண்ணுவது, முதல் பீஸை கேஜ் வைத்துப் பார்ப்பது, பிரேக்டவுன் ஆனால் மெயின்டனன்ஸைக் கூப்பிடுவது எல்லாம் தொழில்நுட்ப வேலை. "மெஷினை நான்தான் பார்த்துக்கிறேன்" என்று ஃபோர்மேன் சொல்வதை "ஆட்களைப் பார்த்துக்கொள்கிறார்" என்று விசாரணை அறிக்கையில் எழுதிவிட்ட ஒரு கூத்தும் எனக்குத் தெரியும்.

இங்கே இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், படித்த பிள்ளைகள் செய்வது. இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கச் சட்டம். அங்கே 1947 மார்ச்சில், பேக்கார்ட் கார் கம்பெனி வழக்கில், ஃபோர்மேன்களும் சங்கம் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் ஜூனில் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்து அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கிக்கொண்டது. அந்தச் சட்டப்படி ஆள் எடுப்பது, மாற்றுவது, நீக்குவது, தண்டிப்பது என்று பன்னிரண்டு அதிகாரங்களில் ஏதாவது ஒன்றைச் சொந்தப் புத்தியால் பயன்படுத்த முடிந்தாலே போதும், அவர் சூப்பர்வைசர். எடுபடக்கூடிய பரிந்துரை செய்தால்கூடப் போதும். சம்பள வரம்பு என்ற பேச்சே கிடையாது. அந்தப் பன்னிரண்டையும் அச்செடுத்து இங்கே சமரசப் பேச்சுக்குக் கொண்டுவருவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. அந்தக் கணக்கில் பார்த்தால் 'பரிந்துரை' கட்டமே நம் ஆளுக்கு வினையாகிவிடலாம்.

சம்பளச் சீட்டின் அடிவரியை மட்டும் படிப்பது

வரம்பு எப்போது எவ்வளவு என்பது முதலில். 2010 செப்டம்பர் வரை 1,600 ரூபாய். அதன்பின் 10,000. 2025 நவம்பர் 21 முதல் 18,000. தகராறு எந்தத் தேதியில் பிறந்ததோ அந்தத் தேதியின் வரம்பைத்தான் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய வேலைநீக்கத்துக்கு 18,000-ஐக் காட்டி வாதாடுவது நேர விரயம்.

அப்புறம், எதைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்வது? புதிய தொகுப்பில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேரும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி. எனும் ஓவர்டைம், கமிஷன் போன்றவை சேராது. ஆனால் சேராதவற்றின் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கு சம்பளத்தோடு சேர்க்கப்படும்.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 32,000. அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000. வாடகைப்படி 8,000, போக்குவரத்து 4,000, ஓ.டி. 6,000, இவை மூன்றும் 18,000. மொத்தத்தில் பாதி 16,000 என்பதால் கூடுதலான 2,000 மட்டும் உள்ளே வரும். ஆக, சட்டத்தின் கண்ணில் சம்பளம் 16,000. மேற்பார்வையாளர் என்றே வைத்துக்கொண்டாலும் இவர் தொழிலாளிதான். 32,000 என்ற எண்ணைப் பார்த்ததுமே "நம்ம ஆள் வரம்பைத் தாண்டிட்டார்" என்று சங்கமே ஒதுங்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் ஒரு தொகை இருந்தால் ஜாக்கிரதை. விலக்குப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

சாட்சியில் கோட்டை விடுவது

நான் தொழிலாளி என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பத்திரிகை நிறுவனத்துப் பொறியாளரின் வழக்கில், மறுபடி உறுதி செய்தது. அவருக்குக் கீழே இரண்டு ஜூனியர் பொறியாளர்கள் இருந்தது அவருக்கு எதிராகப் போனது. அதனால் காகிதம் முக்கியம். லீவு ஃபாரத்தின் இரண்டு கட்டங்கள், ஓ.டி. ஸ்லிப்பில் யார் கையெழுத்து, மெமோவில் யார் பெயர், வருடாந்தர மதிப்பீட்டில் மார்க் போடுபவர் யார், மெஷின் லாக் புத்தகத்தில் யார் கையெழுத்து. இவற்றில் நகல் எடுக்க முடிந்ததைத் தகராறு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வந்த பிறகு அலமாரிச் சாவி எச்.ஆர். கையில்.

காகிதத்தைவிடப் பெரிய ஆபத்து, கூண்டில் ஏறும் ஃபோர்மேனின் கெத்து. குறுக்கு விசாரணையில் நிர்வாக வக்கீல் மரியாதையாகத்தான் தொடங்குவார். "உங்களுக்குக் கீழே எத்தனை பேர் சார்?" "இருபது பேர்." "எல்லாரும் நீங்க சொன்னா கேட்பாங்களா?" "கேட்காம? எல்லாரும் என் கன்ட்ரோல்தான்." அதோடு வழக்கில் பாதி போய்விடும். நடப்பது என்னவோ, அந்த இருபது பேரில் ஒருவரையும் அவரால் ஒரு மணி நேரம்கூட வெளியே அனுப்ப முடியாது. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அவரே ஏதோ ஒரு பிரஸ்ஸில் கைவைத்துக்கொண்டிருப்பார். அதைச் சொல்ல மட்டும் வெட்கம்.

நிர்வாகம் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். இனி தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்பதால், மஸ்டர் ரோல் எனும் ஆள் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது முன்பைவிடப் பெரிய விஷயம். அந்த ஆள் கணக்கு பார்ப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகப் பத்துப் பேருக்கு 'எக்சிக்யூட்டிவ்' கடிதம் கொடுத்து ரோலை மாற்றுவார்கள். கடிதத்தின் தேதியும் சங்கம் உரிமை கோரிய தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், யாரும் வாதாடாமலே கதை புரிந்துவிடும்.

அந்த ஏழு பேருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று தீரவில்லை. இன்னும் இரண்டு சுற்றுப் பேச்சு நடந்து, ஆறு பேர் கிரேடு அட்டவணையில் ஏறினார்கள். ஏழாவது ஆள் விஷயத்தில் சங்கமே வாயை மூடிக்கொண்டது. நைட் ஷிஃப்ட்டில் மேனேஜர் கிடையாது, மொத்த ஷாப்பும் அவர் பொறுப்பு. அவருடைய ஃபாரங்களில் இரண்டு கட்டத்திலும் அவர் கையெழுத்தே இருந்தது, மூன்று மெமோக்களில் அவர் பெயர், சம்பளமும் வரம்புக்கு மேலே. ஆனாலும் மாதாமாதம் சங்கச் சந்தாவை அவர் நிறுத்தவில்லை. ரசீதும் போட்டுக் கொடுக்கிறார்கள்.