கண்டுபிடிப்பு சிப்புக்குள், நிபந்தனை டேட்டாஷீட்டில்: அனலாக் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 16 பிட் ஏடிசியைப் பலகையில் பொருத்தியாயிற்று, நிரலும் ஓடுகிறது. ஆனால் உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்த பிறகும் கடைசி நான்கைந்து பிட்டுகள் நிற்காமல் ஆடுகின்றன. இந்த நிலையில் பலரும் சிப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் சிப்பில் குற்றம் இருக்காது. அனலாக் சுற்றுகளில் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு பெரிய கண்டுபிடிப்பும் ஒரு நிபந்தனையோடுதான் பிறந்தது. கண்டுபிடிப்பு சிப்புக்குள் போய்விட்டது, நிபந்தனையோ சிப்பின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்டின் பின்பக்கங்களில் தங்கிவிட்டது. அதைப் படிக்காமல் விடுவதுதான் கீழே சொல்லும் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

முதலில் ஆப்-ஆம்ப், அதாவது மின்னழுத்தத்தைப் பெருக்கும் சிப். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹெரால்டு பிளாக், 1927இல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் போகும்போது வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பும் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியின் யோசனையைக் கையிலிருந்த செய்தித்தாளில் வரைந்தார். காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. பெருக்கத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தால், மீதமுள்ள பெருக்கத்தை இரண்டு மின்தடைகளின் விகிதமே தீர்மானிக்கும். குழாயோ டிரான்சிஸ்டரோ எவ்வளவு மாறினாலும் கவலையில்லை. ஆனால் திரும்பி வரும் சமிக்ஞை தாமதமாக வந்தால் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும், பெருக்கி தானே அலையை உண்டாக்கும் அலையியற்றியாக மாறிவிடும். எந்த அளவு தாமதம் ஆபத்து என்பதை 1932இல் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் கணக்காகத் தந்தார்.

இரைச்சலைக் குறைக்கலாம் என்று ஆப்-ஆம்ப் வெளியீட்டிலேயே நேரடியாக 100 நானோஃபாரட் கெபாசிட்டரை வைப்பவர்கள் அந்தத் தாமதத்தைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். கெபாசிட்டரே இல்லாவிட்டாலும் ஷீல்டு கேபிள் அதே வேலையைச் செய்யும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்றால், 10 மீட்டர் கேபிள் 1 நானோஃபாரட். வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே 10 முதல் 100 ஓம் வரை ஒரு மின்தடை போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சின்னச் சதுர அலையைக் கொடுத்து, அதன் விளிம்புகளில் நடுக்கம் வருகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். பெருக்கம் 1 என்றால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. வெளியீடு முழுவதும் திரும்பி வருவது அங்கேதான், ஆகவே நிலைத்தன்மைக்கு அதுவே கடுமையான சோதனை. 1968இல் வந்த 741 ஆப்-ஆம்ப் 30 பிக்கோஃபாரட் கெபாசிட்டரை உள்ளேயே கொண்டிருந்ததால், அதற்கு முந்தைய 709இல் வெளியே சேர்க்க வேண்டியிருந்த ஈடுகட்டும் பாகங்களை எல்லோரும் மறந்தோம். ஆனால் நீங்கள் வெளியே என்ன சுமையை மாட்டப்போகிறீர்கள் என்பது உள்ளே இருக்கும் கெபாசிட்டருக்குத் தெரியாது.

அடுத்தது கிரவுண்ட். அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். வரைபடத்தில் கிரவுண்ட் ஒரு குறி. பலகையில் அது செம்பு, செம்புக்கு மின்தடை உண்டு. 35 மைக்ரான் தடிமனில் கால் மில்லிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். டிஜிட்டல் பகுதியின் 10 மில்லிஆம்பியர் அந்தத் தடம் வழியாகத் திரும்பினால் 1 மில்லிவோல்ட் எழும்பும். 5 வோல்ட் வீச்சுள்ள 16 பிட் ஏடிசியில் ஒரு படி 76 மைக்ரோவோல்ட்தான். அதாவது உங்கள் அளவீடு 13 படிகள் நகர்ந்துவிட்டது, அதுவும் மைக்ரோகண்ட்ரோலர் எப்போது என்ன செய்கிறதோ அதற்கேற்ப.

இதற்குப் பயந்து பலர் கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என்று இரண்டாக வெட்டுகிறார்கள். வெட்டியபின் அந்தப் பிளவுக்கு மேலேயே டிஜிட்டல் தடங்களையும் ஓட்டுகிறார்கள். வேகமான சமிக்ஞையின் திரும்பு மின்னோட்டம் தன் தடத்துக்கு நேர் கீழே ஓடவே விரும்பும். பிளவு வழிமறித்தால் அது சுற்றிக்கொண்டு வரும், அந்தச் சுற்று ஓர் ஆன்டெனா. என் பரிந்துரை: வெட்டாத ஒரே செம்புத் தளம், பாகங்களை மட்டும் பிரித்து வையுங்கள். அனலாக் ஒரு பக்கம், டிஜிட்டல் மறுபக்கம், ஏடிசி எல்லையில். ஏடிசியில் இரண்டு கிரவுண்ட் கால்கள் தனித்தனிப் பெயரோடு இருக்கும். அந்தப் பெயர்கள் சிப்பின் உள்ளமைப்பைச் சொல்பவை. டேட்டாஷீட் வேறுவிதமாகச் சொல்லாதவரை இரண்டையும் சிப்புக்கு அடியிலேயே ஒரே தளத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஏடிசி உள்ளீட்டை ஒப்பிட்டு அளக்கும் நிலையான மின்னழுத்தம்தான் ரெஃபரன்ஸ். அதன் விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். வெப்பத்தோடு ஏறும் இன்னொரு மின்னழுத்தத்தை அதனோடு கூட்டினால், ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சிப் வடிவமைப்பாளர் பாப் விட்லர் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1974இல் பால் புரோகா மேம்படுத்திய இந்த பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் உண்மையிலேயே அழகான யோசனை. ஆனால் ஈடுகட்டல் முழுமையானதல்ல. டிகிரிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) மாறும் ரெஃபரன்ஸ், 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 0.2 சதவீதம் நகரும். 16 பிட்டில் அது முழு வீச்சருகே சுமார் 131 படிகள். பிட் எண்ணிக்கையைப் பார்த்து ஏடிசி வாங்கிவிட்டு ரெஃபரன்ஸைப் பார்க்காமல் விடுவது முதல் தவறு.

இரண்டாவது தவறு, தேவையே இல்லாத இடத்தில் விலையுயர்ந்த ரெஃபரன்ஸைப் போடுவது. எடை அளக்கும் லோட் செல் போன்ற பிரிட்ஜ் சென்சாரின் வெளியீடு, அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தோடு விகிதமாக மாறும். அந்த ஊட்டு மின்னழுத்தத்தையே ஏடிசிக்கும் ரெஃபரன்ஸாகக் கொடுத்தால் அதன் மெதுவான நகர்வு இரு பக்கமும் ஒரே விகிதத்தில் வந்து நீங்கிவிடும். தனி எண்ணை நம்பாமல் விகிதத்தை நம்புவது, பிளாக் முதலே இந்தத் துறை திரும்பத் திரும்பக் கையாளும் உத்தி.

கெபாசிட்டர் விகிதத்தை வைத்து, ஒவ்வொரு பிட்டாக ஒப்பிட்டு எண்ணைக் கண்டுபிடிக்கும் எஸ்ஏஆர் ஏடிசியும் அதே மரபுதான். பெர்க்லியில் மெக்ரியரியும் கிரேயும் 1975இல் வெளியிட்ட மின்னூட்டப் பங்கீட்டு முறை அது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஒவ்வொரு முறையும் உங்கள் சென்சாரிடமிருந்து மின்னூட்டம் எடுக்கும், அது நிரம்ப நேரம் வேண்டும். 100 கிலோஓம் மூலத்திலிருந்து 20 பிக்கோஃபாரட் நிரம்பும் நேர மாறிலி 2 மைக்ரோவினாடி. 12 பிட் துல்லியத்துக்கு அதைப்போல் ஒன்பது மடங்கு, 18 மைக்ரோவினாடி காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் நடுவே பஃபர் (பெருக்கம் 1 உள்ள ஆப்-ஆம்ப்) வையுங்கள்.

மாதிரி எடுக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் கிளாக் பற்றிச் சுருக்கமாக: 1 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக்கு 10 பிக்கோவினாடி ஜிட்டர் (அந்த நேரத்தின் தடுமாற்றம்) பொருட்டே இல்லை. 10 மெகாஹெர்ட்ஸில் அதே ஜிட்டர் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தை 64 டெசிபெல்லில் நிறுத்திவிடும், அதாவது பத்துப் பிட்டுக்குச் சற்று மேல்.

ஏலியாசிங், அதாவது உயர்ந்த அதிர்வெண் தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டு வருவது, இதைவிடக் கொடியது. வினாடிக்கு 1000 மாதிரி எடுக்கும்போது 950 ஹெர்ட்ஸ் இரைச்சல் 50 ஹெர்ட்ஸாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் அதை உண்மையான 50 ஹெர்ட்ஸிலிருந்து எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. மாதிரி எடுப்பதற்கு முன்பே ஃபில்டர் வேண்டும்.

டெல்டா-சிக்மா ஏடிசி மிக வேகமாக மாதிரி எடுப்பதால் முன்னே ஒரு மின்தடையும் கெபாசிட்டரும் சேர்ந்த எளிய ஆர்சி ஃபில்டரே பெரும்பாலும் போதும். அந்தச் சலுகைக்கு விலை, உள்ளே இருக்கும் டிஜிட்டல் ஃபில்டரின் நினைவு. மூன்றாம் வரிசை சிங்க் ஃபில்டர் (முந்தைய மாதிரிகளைச் சராசரியாக்கும் ஒரு வகை) என்றால், சேனலை மாற்றியபின் மூன்று முடிவுகள் கழிந்தால்தான் பழைய சேனலின் சுவடு போகும். சில சிப்புகள் தாமே காத்திருந்து சரியான எண்ணைத் தரும், சில தராது. ஒரே சேனலைத் தொடர்ந்து படிக்கும்போது சரியாக இருந்து, சேனல்களை மாற்றி மாற்றிப் படிக்கும்போது மட்டும் எண்கள் ஒன்றோடொன்று கலந்தால், முதலில் இந்தக் காத்திருப்பைச் சரிபாருங்கள்.