நெத்தி நீண்டுக்கிட்டே போன கதை

நாலு நாளா எந்த முகம் வரைஞ்சாலும் ஏதோ இடிச்சுது, வீட்ல காட்டுனா "சூப்பரா இருக்கு"ன்னு முடிச்சிடுவாங்க, ஃப்ரெண்டு "என்னமோ சரியில்லடா"ம்பான், என்னன்னு கேட்டா தெரியாது. பாத்து வரையற ஃபோட்டோவ மாத்துனேன், பென்சில 2பி-க்கு மாத்துனேன் (அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ), ஒண்ணும் ஆகல.

அப்புறம் ஃப்ரெண்டுகிட்ட கேள்வியவே மாத்தி, "கண்ணுக்கு மேல உச்சந்தலை வரைக்கும் எவ்ளோ, கீழ தாடை வரைக்கும் எவ்ளோ, அளந்து சொல்லு"ன்னேன். ஸ்கேல் வெச்சான்: மேல 11.5 செ.மீ., கீழ 10. ரெண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி வரணும். ஆனா டேபிள்ல கிடக்கும்போது என் கண்ணுக்கு ரெண்டும் சமமாத்தான் தெரிஞ்சுது! பேப்பர படுக்கப்போட்டு வரைஞ்சா தள்ளியிருக்கற மேல்பக்கம் சுருங்கித் தெரியும், நாம அறியாமயே நீட்டிடறோம். பேப்பர் வெச்ச பலகையோட மேல்பக்கத்துக்கு அடியில ரெண்டு செங்கல் வெச்சு சாய்ச்சேன், அடுத்த முகமே சரியா வந்துச்சு.