கடலோர நகரத்தின் வருங்கால வெப்ப அலை ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி?

கடலோரத்தில் தெர்மாமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) சுமார் 26 டிகிரிதான். வெயில் 34 டிகிரியாகக் குறைந்து ஈரப்பதம் 75 ஆனால் அது 30-ஐத் தொட்டுவிடும். வியர்வை எளிதில் காயாது, உடம்புச் சூடு வெளியேறுவது கடினமாகிவிடும். அதனால் கணக்கை ஈரக்குமிழ் வெப்பநிலையை வைத்தே போடுவோம்.

படி 1: பக்கத்து வானிலை நிலையத்தின் 1991–2020 தரவை எடுங்கள். கிடைக்காவிட்டால் இஆர்ஏ5 (ERA5) என்ற ஐரோப்பிய வானிலைத் தரவுத் தொகுப்பு இருக்கிறது. இலவசம், 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கும்.

படி 2: ஒவ்வொரு மணிக்கும் ஈரக்குமிழ் அளவைக் கணக்கிடுங்கள். வானிலை அறிவியலாளர் ஸ்டல் (Stull) 2011-இல் தந்த சூத்திரம் எக்செல்லிலேயே ஓடும். புதிதாகச் செய்பவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான்: அன்றைய உச்ச வெப்பநிலையையும் உச்ச ஈரப்பதத்தையும் சேர்த்துவிடுவார்கள். ஈரப்பதம் பொதுவாக விடியற்காலையில் உச்சம், வெயில் பிற்பகலில். இரண்டையும் சேர்த்தால் நடக்காத ஒரு நாள்தான் கிடைக்கும்.

படி 3: கோடைக்கால நாள் உச்சங்களை வரிசைப்படுத்தி, மேல் 5 சதவீதம் தொடங்கும் இடத்தை வரம்பாக வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து தாண்டினால் அது வெப்ப அலை.

படி 4: சிமிப்6 (CMIP6) என்பது பல நாட்டு ஆய்வுக்குழுக்களின் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் பன்னாட்டுத் திட்டம். அதன் மாதிரிகளில் ஐந்தாறின் தரவையாவது இறக்குங்கள். வருங்கால உமிழ்வுப் பாதைகளில் எஸ்எஸ்பி2-4.5 (நடுத்தர உமிழ்வு), எஸ்எஸ்பி5-8.5 (மிக அதிக உமிழ்வு) இரண்டும் வேண்டும். மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்; பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். நகரம் விழும் கட்டத்தில் பாதி கடலாக இருக்கலாம். கடல் பகல் சூட்டை அமுக்கிக் காட்டும். நிலப்பங்கு அதிகமுள்ள பக்கத்துக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: மாதிரி சொல்லும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், மாற்றத்தை மட்டும் எடுங்கள். ஒரு மாதிரி ஈரக்குமிழ் அளவாக 1991–2020க்கு 27 டிகிரியும் 2041–2070க்கு 28.6 டிகிரியும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 1.6-ஐ உங்கள் நிலையத் தரவில் கூட்டி, பழைய வரம்பை எத்தனை நாள் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். சிமிப்6 மாதிரிகளின் கடந்தகாலத் தரவு 2014-உடன் முடிகிறது. மீதி ஆறு ஆண்டுகளைப் பாதைத் தரவிலிருந்து ஒட்டவேண்டும். விடையைச் சராசரியாக்காமல், மாதிரிகளில் மிகக் குறைந்தது இத்தனை நாள், மிக அதிகம் இத்தனை நாள் என்றே எழுதுங்கள்.

படி 6: இதே கணக்கை இரவுக்கும் போடுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். கடல் இரவிலும் எளிதில் ஆறாது, கரையோரக் காற்றையும் ஆறவிடாது. தூக்கத்தில்கூட உடம்பு ஆறாவிட்டால் முதியவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

அப்புறம் வார்டு வரைபடத்தை விரியுங்கள். தகரக் கூரை வீடுகள், தனியாக வாழும் முதியவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் எங்கே அதிகம் என்று குறியுங்கள். கூடப்போகும் நாட்கள் முதலில் யார் தலையில் விழும் என்பது அதில் தெரியும்.