சிறு தீக்காயத்துக்குக் கற்றாழைச் சோறு

சூடு பட்டுத் தோல் சிவந்தால், முதலில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய் நீரில் காட்டுங்கள். கற்றாழை அதற்குப் பிறகுதான்.

முற்றிய அடிமடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்க 15 நிமிடம் சாய்த்து வையுங்கள். வடியும் மஞ்சள் பாலில் அலோயின் என்ற வேதிப்பொருள் உண்டு. அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் இந்தப் பாலால்தான் வருகின்றன. பாலை வடியவிடும் இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். பிறகு மடலைக் கழுவி, பச்சைத் தோலைச் சீவி, தெளிந்த சோற்றை மட்டும் சுத்தமான கரண்டியால் வழித்து, மீண்டும் அலசுங்கள். காயமில்லாத தோலில் சிறிது தடவிப் பாருங்கள். எரிச்சல் இல்லையென்றால் மெல்லிய படலமாக நாளுக்கு 2 அல்லது 3 முறை பூசலாம். மிஞ்சியதில் கிருமி எளிதில் பெருகும், எடுத்து வைக்காதீர்கள்.

உடைந்த கொப்புளம், ஆழமான வெட்டு, சீழ்ப்புண் எதிலும் இது வேண்டாம்: வீட்டில் வழித்த சோறு கிருமி நீக்கியதல்ல. முகத்தில் பட்ட தீக்காயமோ உள்ளங்கையைவிடப் பெரியதோ என்றால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.